அத்தைக்குப் பிடித்த பாட்டு

அப்பா போன பிறகு அவருடைய கேசட் பெட்டிகள் மூன்றும் கண்ணமங்கலத்தில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. போன மாதம் முழுக்க அவற்றைச் செல்போனுக்கு மாற்றி, வகை வகையாகப் பிரித்து, பெயர் கொடுத்துக்கொண்டிருந்தேன். வேறு வேலை இல்லையா என்று வீட்டுக்காரர் கேட்டார். இல்லைதான். மறந்தே போயிருந்த பாட்டு ஒன்று திடீரென்று வரும், வரி தப்பாமல் என் வாயும் கூடப் பாடும், அடுப்பில் பால் பொங்கி வழியும். மூன்றாவது பெட்டியைத் திறக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் மைக் செட் வைத்திருந்தவர் அப்பா ஒருவர்தான். செல்போன் டவர் மலையேறாத காலம். மரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டால் அதுதான் சுற்றுப்பட்டுக்கெல்லாம் செய்தி. சாமிப் பாட்டு என்றால் திருவிழா. சினிமாப் பாட்டு என்றால் கல்யாணம். ஒப்பாரி கேட்டால் களைக்கொத்தை அங்கேயே போட்டுவிட்டு சாவு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆள் விட்டுச் சொல்லும் வழக்கமே கிடையாது. அதனால்தான் அப்பா மூன்றையும் மூன்று பெட்டியில் வைத்திருந்தார். சாவுப் பாட்டுப் பெட்டி வீட்டுக்குள் வராது, மாட்டுக்கொட்டகைப் பரணில் கிடக்கும்.

அதில் ஒரு தங்கை தன் அண்ணனைக் கூப்பிட்டு அழும் பாட்டு இருந்தது. அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு அந்தப் பாட்டு என்றால் உயிர். சாமைக் காட்டில் களை எடுக்கும்போது அதைத்தான் முணுமுணுப்பாள். "வேற பாட்டே கெடைக்கலியாடி ஒனக்கு?" என்று அம்மா திட்டுவாள். அத்தை சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் ராகம் இழுப்பாள்.

எனக்கு ஒன்பது வயதானபோது அத்தை தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாமா கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போயிருந்தார். ஒருநாள் விடியற்காலையில் வலி எடுத்தது. பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். வேலூருக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பாள் என்று, ஜீப் பிடித்துவர அப்பா அமிர்திக்கு இறங்கி ஓடினார்.

என்னை உள்ளே விடவில்லை. ஊர்த் திருவிழாவுக்காக முதல் நாளே எங்கள் வீட்டுப் புளியமரத்தில் குழாய் கட்டியிருந்தது. பொழுது போகாமல் மூன்று பெட்டிகளையும் வாசலில் கொட்டி, எனக்குப் பிடித்தது, அத்தைக்குப் பிடித்தது, யாருக்கும் பிடிக்காதது என்று அடுக்கினேன். அப்பா வந்து பார்த்து மெச்சுவார் என்றுகூட நினைத்தேன். உள்ளே அத்தை அலறினாள். அவளுக்குப் பிடித்ததைப் போட்டால் வலி குறையும் என்று எனக்குத் தோன்றியது. பேட்டரி ஒயரை மாட்டி, சத்தத்தை முழுதாகத் திருகினேன்.

அத்தையை விட்டு எழ முடியாமல் அம்மா உள்ளிருந்தே கத்தியிருக்கிறாள். குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பாட்டு முடியப்போகும் நேரத்தில் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். "அடிப்பாவி, இன்னாடி பண்ணிட்ட?" என்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உச்சிப்பொழுதுக்குள் வரவேண்டிய ஜீப் வரவில்லை. பொழுது சாயும்போதுதான் வந்தது. அதில் அப்பாவோடு அத்தையின் மாமியார் வீட்டார் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கையில் மாலை. இறங்கும்போதே பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அத்தை உயிரோடு இருக்க இவர்கள் எதற்கு அழுகிறார்கள் என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. "உசுரு இருக்குது, உசுரு இருக்குது" என்று அம்மா வாசலில் நின்று கத்தினாள். மாலையை எறிந்துவிட்டு அதே ஜீப்பில் அத்தையை ஏற்றினார்கள். அமிர்தியைத் தாண்டும்வரை மூச்சு இருந்ததாம். பிள்ளையும் தங்கவில்லை.

நடந்ததைப் பல வருடம் கழித்து ஜீப் ஓட்டியவர்தான் என்னிடம் சொன்னார். அன்று பாதி மலை ஏறும்போதே பாட்டு கேட்டிருக்கிறது. "ஒங்கப்பா தலைல அடிச்சிக்கினு, முடிஞ்சிபோச்சி, வண்டிய திருப்புன்னாரும்மா. நானும் திருப்பிட்டேன்." புகுந்த வீட்டார் வராமல் பிணத்தை எடுக்க முடியாது. அவர்களைக் கூட்டிவர நெல்லிவாசல்நாட்டுக்குப் போயிருக்கிறார்கள். தன் மைக் செட், தன் கேசட், தன் வீட்டு மரம். அப்பா நம்பாமல் என்ன செய்வார்?

அடக்கம் முடிந்து வந்த அன்று அப்பா புளியமரத்தடியில் நின்று, "யாரு போட்டது?" என்று கேட்டார். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்திருந்தேன். பெட்டியைக் கலைத்ததற்கு முதுகுத்தோல் உரியப்போகிறது என்பதுதான் என் பயம்.

"நான்தாங்க போட்டேன். அவ கேட்டான்னு போட்டேன்" என்றாள் அம்மா.

அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குழாயைக் கழற்றத் தொடங்கினார். எனக்கு அடி விழவில்லை.

அதற்குப் பிறகு அப்பா அம்மாவிடம் நேராகப் பேசியதே இல்லை. "ஒங்கம்மாகிட்ட சோறு போடச் சொல்லு" என்பார், நான் ஓடிப்போய்ச் சொல்வேன். "ஒங்கப்பாகிட்ட அரிசி இல்லைன்னு சொல்லு" என்பாள், அதையும் சொல்வேன். நான் பெரியவளாகிவிட்டேன், அதனால்தான் இருவரும் எதையும் என்னிடமே சொல்லி அனுப்புகிறார்கள் என்று நினைத்து, வெகுநாள் எனக்குப் பெருமையாக இருந்தது.