சாங்ஷன் ஆன கப்பல்

இங்கிலீஷ் பேப்பர் வாங்குகிற வீட்டுக்காரிக்குச் சம்பளம் இல்லாத உத்தியோகம் ஒன்று தானாக வந்து சேரும்: உலகத்தில் எவன் எவனோடு எதற்குச் சண்டை போடுகிறான் என்று தெருவுக்கு விளக்கிச் சொல்வது. கடலூரில் கான்வென்ட்டில் படித்து, கல்யாணமாகிச் சிதம்பரம் வந்த நாளிலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். உங்கள் தெருவிலும் இப்படி ஒருத்தி இருப்பாள். அது நீங்களாகவே இருந்தால் என் அவஸ்தை புரியும்.

பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. எனக்கு ஜாக்கெட் தைக்கும் பரங்கிப்பேட்டை மும்தாஜின் புருஷன் நாசர், நாலு மாதமாக ஒரு கப்பலில் கரையேற முடியாமல் உட்கார்ந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதைச் சொல்லத்தான் வந்தேன். அதற்கு முன்னால், நான் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நம்ம ஆளு யாரு?

எதிர்வீட்டு மாமா ரிட்டயர்டு ஹெட்கிளார்க். டீவியில் இரண்டு நாடுகள் குண்டு போட்டுக்கொள்வதைப் பார்த்துவிட்டு, இதில் நம்ம ஆள் யார் என்று கேட்டு வந்தார். எல்லைத் தகராறு, எண்ணெய், பழைய ஒப்பந்தம், இரண்டு பக்கமும் ஆயுதம் விற்கிறவர்கள் என்று ஒரு பாடமே நடத்தினேன். அவர் காபி ஆறிப்போனது. நம் நாடு இரண்டு பேரோடும் பேசிக்கொண்டிருக்கிறது என்று நான் முடித்ததும்தான் மாமாவின் முகம் தெளிந்தது.

அவர் சொன்ன பதிலைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்தேன். பிற்பாடு அந்த இரண்டு நாட்டுத் தலைவர்களும் கை குலுக்கிய போட்டோ பேப்பரில் வந்தது. மாமாவிடம் கொண்டுபோய்க் காட்ட எனக்கு மனசு வரவில்லை. அவர் சொன்னது இதுதான்: “இவ்வளவுதானா? எலெக்‌ஷன் வரட்டும்மா, ரெண்டு பேரும் ஒரே மேடையில நிப்பானுங்க பாரு.”

பண்ருட்டிக் கொழுந்தனார்

என் கணவரின் சித்தப்பா மகன் பண்ருட்டியில் முந்திரி உடைக்கிற கம்பெனி வைத்திருக்கிறார். கொட்டை ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும். அங்கே ஒரு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வாரம், சாப்பிட வந்தவர் அந்த நாட்டின் பெயரை ஏதோ ஆட்டு ஜாதியின் பெயர் மாதிரி உச்சரித்துக்கொண்டிருந்தார். சோறு போட்டுக்கொண்டே மூன்று முறை திருத்தினேன்.

எந்த ரோட்டை மறித்திருக்கிறார்கள், துறைமுகத்தில் இனி எந்த அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும், மழை எப்போது பிடிக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. எனக்கு ஸ்பெல்லிங் தெரியும். நாலாவது முறை நான் வாயைத் திறந்தபோது அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: “பேரு நீங்க கரெக்டாச் சொல்றீங்க அண்ணி, மூட்டை எப்ப வரும்னு எனக்குத்தான் தெரியுது.”

ஒரே ஒரு வார்த்தை

நம் ஊரில் சாங்ஷன் என்றால் ஒரே அர்த்தம்தான். வீட்டு லோன் சாங்ஷன் ஆகும், பென்ஷன் சாங்ஷன் ஆகும், ஆனதும் இனிப்பு கொடுப்போம். பேப்பரில் வருகிற சாங்ஷன் நேர் எதிர். ஒரு நாடு இன்னொரு நாட்டையோ கம்பெனியையோ தள்ளிவைத்து, இவனோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளாதே என்று சொல்வது. இரண்டும் எனக்குத் தெரியும்.

நாசர் ஆயில் கப்பலில் வேலை பார்க்கிறவர். புதுக் கம்பெனி ஒன்றில் ஏறுவதாக இருந்தது. ஏஜென்ட், அப்ரூவல் வரட்டும் என்று காக்க வைத்திருந்தான். ஒரு நாள் பதினோரு மணிக்கு மும்தாஜ் போன் செய்தாள். அந்தக் கம்பெனி பெயர் போட்டு, சாங்ஷன் என்று இங்கிலீஷில் ஒரு செய்தி செல்லில் வந்திருக்கிறதாம், நிஜம்தானா என்றாள். நானும் காலையில் பேப்பரில் பார்த்திருந்தேன். அடுப்பில் குக்கர். “ஆமாடி, சாங்ஷன்தான். கொட்டை எழுத்துல போட்டிருக்கான், இதுக்கு ஒரு போனா?” என்றேன்.

அவள் குரலில் சந்தோஷம் கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் இருந்தது. ஏறுவதற்கு முன்னாலேயே தெரிந்ததே, புருஷன் தப்பித்தாரே என்று சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்தேன். அப்புறமும் ஏதோ உறுத்தியது. திருப்பிக் கூப்பிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். முருங்கைக்கீரை ஆய வேண்டியிருந்தது, வைத்துவிட்டேன். அவள் சொல்லிவிட்டு வைத்தது இன்னும் காதில் இருக்கிறது: “அல்ஹம்துலில்லாஹ், இப்பத்தாங்க்கா நிம்மதி.”

அல்வா

மூன்றாவது வாரம், தைத்த ஜாக்கெட்டோடு அல்வாவும் கொண்டுவந்தாள். எதற்கு என்றேன். அவுங்க கப்பல் ஏறிட்டாங்க என்றாள். எந்தக் கப்பல் என்று கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

உட்காரவைத்துச் சொன்னேன். அந்தக் கப்பலை இனி எந்தத் துறைமுகமும் உள்ளே விடாது, விடாதவரை நாசர் இறங்க முடியாது என்று. அவள் கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எனக்கே சமாதானம் சொன்னாள்: “நீங்க சரியாத்தாங்க்கா சொன்னீங்க, நான்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன்.”

பரிசீலனை

இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் மும்தாஜ் பஸ் ஏறி வருகிறாள். தூதரகத்துக்கும் கப்பல் ஆபீசுக்கும் அவள் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதுகிறேன். நாசருக்கு வாரத்தில் ஒரு நாள் சிக்னல் கிடைக்கிறது. தண்ணீர் அளந்துதான் கொடுக்கிறார்களாம். மூன்று தேசத்துக்காரர்கள் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்களாம். அந்தத் தேசங்களில் இரண்டு, ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்று நான் பேப்பரில் படித்தவை.

போன வாரம் ஒரு பதில் வந்தது. தங்கள் விண்ணப்பம் தீவிரப் பரிசீலனையில் உள்ளது என்று தமிழில் சொன்னேன். அவள், இந்த வார்த்தைக்கும் வேற அர்த்தம் இருக்காக்கா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். இன்னும் ஒருத்தரும் ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். “அப்ப இனிமே அந்த அர்த்தத்தை மொதல்ல சொல்லுங்கக்கா. எழுதுங்க, நாசரோட பொண்டாட்டி எழுதுறேன்னு ஆரம்பிங்க.”

நான் படித்த இங்கிலீஷுக்கு ஃபீஸ் கட்டியது என் அப்பா. அதை நான் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்த லட்சணத்துக்குக் கட்டிக்கொண்டிருப்பது நடுக்கடலில் நாசர்.