செங்கல்காரி தைத்த பை

எனக்கும் என் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். அடுத்தடுத்த வீடுதான், ஆனால் பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. விருந்தாளிகள் முன்னால் என் சமையலில் உப்பில்லை என்றாள். உப்பு இல்லைதான். அதற்காக நாலு பேர் கேட்கவா சொல்வது?

ஆனால் பள்ளிக்கூடப் பை தைப்பது என்று வந்தால் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். முன்னறையில் ஒரு தையல் மெஷின், சுவரோரம் கெட்டித் துணிச் சுருள்கள். பிள்ளையை நிற்க வைத்துத் தோளை அளந்த பிறகுதான் கத்தரியை எடுப்பாள். தைத்த பைக்குள் செங்கற்களைப் போட்டு ராத்திரி முழுக்க ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவாள். காலையில் ஒரு தையல் இளகியிருந்தாலும் போச்சு, மொத்தத்தையும் பிரித்து மறுபடி தைப்பாள். தெருவில் அவளுக்குச் செங்கல்காரி என்றே பெயர்.

பள்ளிக்கூடம் திறக்கும் முன் விற்கிற பைகள்தான் அவளுக்கு வருஷச் சாப்பாடு. இந்த முறை எல்லாம் தைத்து அடுக்கிய பிறகு பள்ளிக்கூடம் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டது. பெரிய கடையில் விற்கும் ஒரே மாதிரிப் பையைத்தான் எல்லோரும் கொண்டுவர வேண்டுமாம். சொல்லி வைத்தவர்கள்கூட வாங்க வரவில்லை. பஸ் ஓட்டுகிற என் அண்ணன், மெஷினை விற்க ஆள் பார்த்துவிட்டான். அவளை அந்தப் பெரிய கடையிலேயே வேலைக்குச் சேர்த்துவிடுவதாக ஏற்பாடு. அவள் அழுதது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது.

எதிர்வீட்டுக்காரியோடு என் மகளை அனுப்பி, அண்ணியிடமே பை வாங்கினேன். பள்ளிக்கூடம் திறந்த அன்றே காவலாளி என் மகளை வாசலில் நிறுத்திவிட்டார். விடுவேனா? மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே தலைமையாசிரியையின் அறைக்குள் போனேன்.

"எல்லாரும் ஒரே மாதிரி வரணும்மா. அதுதான் ஒழுங்கு," என்றார்.

"பிள்ளைங்க தோளு ஒரே மாதிரியா இருக்கு? அந்தக் கடைப் பைய இவ மாட்டினா முழங்காலுக்கு வருது. கிழிஞ்சா தைச்சுக் குடுக்க அங்க யாரு இருக்கா? புதுசு வாங்குன்னு சொல்வாங்க. செங்கல்காரிகிட்ட போனா அப்பவே தைச்சுக் குடுப்பா. கூட நாலு திட்டும் கிடைக்கும், அது வேற விஷயம்."

அவர் சிரித்தார். "உங்க அண்ணிதானே அவங்க? சொந்தக்காரங்கன்னு பாவம் பாக்கறீங்க."

எனக்கு வந்ததே கோபம்! "பாவமா? எனக்கும் அவளுக்கும் பேச்சே கிடையாதுங்க! அவ மூஞ்சியப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். பை நல்லா இருக்கு, அதனால வாங்கினேன். அவ்வளவுதான்!"

"அப்போ பிள்ளைய வீட்டுக்குத்தான் அனுப்பணும்."

"அனுப்புங்க. தினமும் கூட்டிட்டு வருவேன். தினமும் இங்கயே உக்காந்து கத்துவேன். எனக்கென்ன, தொண்டை நல்லாத்தான் இருக்கு."

என் சத்தத்துக்கு வாசலில் நின்ற அம்மாக்களெல்லாம் ஜன்னலோரம் கூடிவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்த தலைமையாசிரியை, "இன்னைக்கு மட்டும் உள்ள போகட்டும்," என்று முனகினார். நான் வெளியே வந்ததும் ஒருத்தி என் தோளைத் தட்டி, "நானும் சொல்லி வெச்சுட்டு, பயந்துக்கிட்டு வாங்காம இருந்தேன். இன்னைக்கே போய் வாங்கறேன்," என்றாள். இன்னும் இரண்டு பேர் அவளோடு சேர்ந்துகொண்டார்கள்.

மூன்று பேரும் நான் கத்தியதை அண்ணியிடம் சொல்லியே பை வாங்கினார்கள். மூன்று பை விற்றால் குடும்பம் நடக்குமா? நடக்காது. அன்று சாயங்காலமே மெஷினைத் தூக்க ஆள் வந்துவிட்டான். நான் என் வாசலில் நின்று, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"விக்கறதா இல்ல. போயிட்டு வாங்க," என்றாள்.

அண்ணன் கையைப் பிசைந்தான். "நாளைக்கு மறுபடியும் வாசல்ல தடுத்தா என்ன பண்ணுவ?"

"தடுக்கட்டுமே. என் மூஞ்சியப் பிடிக்காதவளே காசு குடுத்து வாங்கியிருக்கா. மத்தவங்க வாங்க மாட்டாங்களா? நகரு, வெளிச்சத்த மறைக்காத."

மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.