ஈரம் காயாத தொட்டி

சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு அரசாங்க ஆபீசில் நான் புதுக் குமாஸ்தா. மாற்றலாகிப் போன அதிகாரி, தன் தொட்டிச் செடியை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். வெயிலே படாத மூலையில் வளருமாம். வெள்ளைப் புள்ளி போட்ட அகலமான இலைகள். எனக்குச் செடி வளர்த்துப் பழக்கமில்லை. தினமும் தண்ணீர் ஊற்றினேன், இலை பழுத்தது. ஊற்றுவதை நிறுத்தினேன், அப்போதும் பழுத்தது. மண் மட்டும் காயவே இல்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

குடிதண்ணீர்ப் பானையும் அந்த மூலையில்தான் இருந்தது. திங்கள்தோறும் கந்தர்வக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு விவசாயி வருவார். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை, கண்மாய் மடையைச் சரிசெய்யுங்கள் என்று மனு கொடுத்திருந்தவர். வெடித்த குதிகால், தோளில் துண்டு. ஒருநாள் தம்ளரில் மொண்டு ஒரு வாய் குடித்தவர், மீதியைச் செடிக்கு ஊற்றினார்.

“நீங்கதான் ஊத்துறீங்களா?” என்று கத்திவிட்டேன்.

“வர்றவுக எல்லாருந்தாங்க ஊத்துறோம். மிச்சத் தண்ணியத் தரையிலயா கொட்டுறது?”

“வேர் அழுகிச் சாகுதுங்க.”

அவர் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். “தண்ணி கூடிப்போயிச் சாகுற செடியும் இருக்குதாங்க?”

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். யாரும் ஊற்றாதபடி தொட்டியைப் பானையை விட்டுத் தள்ளி வைத்தேன்.

அதற்குப் பிறகு வந்தபோதெல்லாம் அரைத் தம்ளர்தான் மொண்டார். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். செடி தளிர்விட்ட அன்று அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை.

“எங்க மனு என்னாச்சுங்க?” என்றார்.