சித்தேரிக்குப் போன வெள்ளைக்காரர் சைக்கிள்

நேற்று மகள் தன் புது கியர் சைக்கிளைத் தெருவில் ஓட்டிக் காட்டினாள். எங்கோ நீண்ட பயணம் போகப் போகிறாளாம். பின்னால் இரண்டு பக்கமும் பை, முன்னால் ஒரு பை. வாசல் சரிவில் அவள் பிரேக்கைப் பிடித்தபோது சூடான ரப்பர் வாசம் அடித்தது. அவ்வளவு சின்னச் சரிவில் அந்த வாசம் வர நியாயமில்லை, எனக்குத்தான் பிரமை என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற சரசு மூக்கை உறிஞ்சிவிட்டு, "சித்தேரி இறக்கம்" என்றாள்.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கும் சரசுவுக்கும் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அரூரில் ஓர் எண்ணெய் மில்லில் மூட்டைகளை எடை போடுவது என் வேலை. ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிற நான், அவளிடம் மட்டும் "சோறு போடட்டுங்களா" என்றால் "ம்" என்பதோடு சரி. அம்மாவும் இருந்த ஒற்றை அறை வீட்டில் வேறென்ன பேசுவது? அவள் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரே குறுகுறுப்பு. கேட்கத்தான் தைரியம் இல்லை.

முதன்முதலாக அவளாக ஒன்று கேட்டாள். அவளுடைய பள்ளித்தோழி மல்லிகா, சித்தேரி மலையில் வாத்தியார் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள், அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். தாய் இல்லாத பெண். பத்தியம் பார்க்க ஆளில்லை. சரசு நேரில் போய்ச் சாமான்களைக் கொடுத்து, கூட இருந்து சொல்லிக்கொடுத்துவிட்டு வர வேண்டும் என்றாள். பஸ் சாயங்காலம் மலையேறினால் மறுநாள் காலையில்தான் இறங்கும். புதுப்பெண் வெளியே ராத்தங்குவதற்கு அம்மா ஒப்பவில்லை. "போறதுன்னா போங்க. பொழுது சாயறதுக்குள்ள வூடு வந்து சேரணும்" என்றார்.

மில் கொட்டகையில் ஒரு சைக்கிள் கிடந்தது. காட்டு மரங்களைப் பற்றிப் படிக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது முதலாளியிடம் விட்டுப்போனது. எருமைக்கழுத்து மாதிரித் தடித்த டயர், நேர் ஹேண்டில்பார், கைக்குள்ளேயே கியர். மலையேறவே செய்தது என்றார்கள். முதலாளியிடம் இரவல் கேட்டு வாங்கினேன். ஆனால் கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை, பெல்கூட இல்லை. ஒரு தூக்குவாளி மாட்ட இடம் கிடையாது. இந்த மனிதர்கள் மலைக்கு வெறுங்கையோடுதான் போவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சைக்கிள் கடை காதர் பாய்க்கு என்னைவிட ஆர்வம். கியரைத் தட்டித் தட்டிப் பார்த்துக் குழந்தைபோல் சிரித்தார். பால்காரர் சைக்கிளின் கேரியர் ஒன்றைப் பிடித்து, திருகாணி போட ஓட்டையே இல்லாத அந்தச் சட்டத்தில் இரும்புப் பட்டை வளைத்து இறுக்கினார். மில்லிலிருந்து இரண்டு காலி எண்ணெய் டின்களை வாய் வெட்டிக் கொண்டுபோனேன். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தொங்கவிட்டோம். பிறகு கேட்டார்: "வூட்ல என்ன வெயிட்டு இருப்பாங்க தம்பி?"

பெண்டாட்டியிடம் போய் எடை கேட்பதா? இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டு ஒருவழியாகச் சொன்னேன். மறுநாள் மதியம் சாப்பாடு கொண்டுவந்தவள், நேராக மூட்டைத் தராசில் ஏறி நின்றாள். "பூண்டு, வெல்லம், நல்லெண்ணெயெல்லாம் தனிங்க" என்றாள். அதே எடைக்கு நிலக்கடலை மூட்டை கட்டி, கேரியரில் வைத்து, ஊரைச் சுற்றி ஓட்டினேன். அசையவில்லை. காதர் பாய் என் முதுகில் தட்டினார்.

விடியலில் சரசு ஏற வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. இடப்பக்கம் காலைத் தொங்கவிட இடமில்லை. அங்கே டின் இருந்தது. மூட்டைக்குக் கால் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. அந்த டின்னையும் வலப்பக்கமே கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

சமவெளியில் பாதகமில்லை. மலை தொடங்கியதும் சின்ன கியரில் ஒவ்வொரு மிதிக்கும் முன்சக்கரம் எழும்பியது, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாலு மிதி, பிறகு இறங்கித் தள்ளல். வெயில் ஏறிக்கொண்டே போனது. இந்தக் கதியில் போனால் பொழுதுக்குள் திரும்ப முடியாது. திரும்பிவிடலாமா என்றேன். அவள் சைக்கிளை ஒருமுறை சுற்றிவந்தாள்.

"டின்னு ரெண்டையும் முன்னால ஹேண்டில்பார்ல தொங்க விடுங்க. நான் ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்துக்கறேன்" என்றாள். நான் விழித்தேன். "இங்க யாரு பாக்கப்போறா?" என்றாள்.

சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். முன்சக்கரம் மண்ணில் உட்கார்ந்தது, வண்டி நேராக நின்றது. செங்குத்தான இடங்களில் மட்டும் இறங்கித் தள்ளினோம். வழியெல்லாம் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்: எந்த வகுப்பில் ஃபெயிலானேன், ஏன் மில் வேலை, பாம்புக்குப் பயமா, பெண் பார்க்க வந்த அன்று ஏன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் தெரியாததால் எனக்கும் வாய் திறந்தது.

மல்லிகா அவளைக் கண்டதும் பிள்ளையை என் கையில் திணித்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதாள். சரசு மருந்து அரைத்து, கஞ்சி காய்ச்சி, எதை எப்போது கொடுப்பது என்று வாத்தியாருக்குப் பாடம் எடுத்தாள். கிளம்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. இறக்கம் முழுக்கப் பிரேக்கை விடவில்லை. ரப்பர் தீய்ந்த வாசம் அரூர் எல்லைவரை கூடவே வந்தது. அங்கே சரசு இறங்கி, ஒரு பக்கமாக உட்கார்ந்துகொண்டாள்.

வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே வீடு சேர்ந்தோம். அம்மா சரசுவின் சேலையைப் பார்த்தார். வலப்பக்கக் கரையில் செயின் மை. இடப்பக்கம் கால் போட்டவளின் சேலையில் அது பட வழியே இல்லை. அம்மா சைக்கிளையும் ஒருமுறை பார்த்தார்.

"அந்தப் புள்ள எப்பிடி இருக்கா?" என்றார். சரசு சொன்னாள். "மண்ணெண்ணெய் தொட்டுத் தேயி, மை போயிரும்" என்றுவிட்டு உள்ளே போனார்.

மை முழுதாகப் போகவில்லை. சேலை கிழிந்தது, சைக்கிளை மில்லோடு யாரோ வாங்கிப்போனார்கள், காதர் பாய் கடை இருந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் நான் பெரிதாக ஏங்குவதில்லை. இன்னொன்றுக்குத்தான் ஏங்குகிறேன். சரசு சிரித்தால் கேரியர் குலுங்கும். அது சட்டம் வழியாக ஓடி ஹேண்டில்பாரில் என் உள்ளங்கைக்கு வந்து சேரும். இப்போது காரில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வருகிறாள். சிரித்தாளா என்று திரும்பிப் பார்த்தால்தான் தெரிகிறது.