கண்மாய்க்குள் வந்த நாய்கள்

சின்னாளபட்டிக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்புக்குள் நானும் என் கணவரும் சின்ன விருந்தினர் விடுதி ஒன்றை நடத்துகிறோம். திண்டுக்கல் பேகம்பூர்ச் சந்துகளில் வளர்ந்த எனக்கு வரப்பில் நடக்கவே இங்கே வந்துதான் பழகியது. இப்போது, தங்க வருகிறவர்களைக் காலையில் நடக்கக் கூட்டிப் போவது என் வேலை. பின்வாசல் வழியாக இறங்கி, மல்லிகைத் தோட்டங்களைத் தாண்டி, கண்மாய்க் கரையில் ஏறி, சிறுமலையைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று.

அந்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக வந்து தங்கியிருந்தார். பறவை பார்க்கிறவர். கழுத்தில் எப்போதும் பைனாகுலர் தொங்கும். அதிர்ந்து பேசமாட்டார். எங்கள் வீட்டுச் செவலை நாயைக்கூட ‘வா சாமி, போ சாமி’ என்றுதான் கூப்பிடுவார். தன் தட்டில் மிச்சமிருக்கும் தயிர்ச்சோற்றைத் தினமும் அதற்குக் கொண்டுபோய் வைப்பார்.

கண்மாயில் அப்போது தண்ணீர் இல்லை. உள்ளே கருவேல மரங்கள்தான். ரோட்டோரக் கடைக்காரர்கள் கோழிக் கழிவை மூட்டை மூட்டையாகக் கரையில் கொட்டி வந்தார்கள். அதைத் தின்று நாய்கள் பெருகின. நாற்றம் தாங்காமல் ஊர்க்காரர்கள் சண்டை போட்டுக் கொட்டுவதை நிறுத்தினார்கள். நாய்கள் போகவில்லை. பசியோடு அங்கேயே திரிந்தன.

அன்று காலை நாங்கள் இருவரும் கரையில் ஏறும்போதே ஆடுகளின் அலறல் கேட்டது. கண்மாய்க்குள் ஆடு மேய்க்கும் பெண் எனக்குப் பழக்கம். என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்தால், “என்ன பாயம்மா, இன்னைக்கு என்ன கொழம்பு, என்ன வெஞ்சனம்?” என்று தூரத்திலிருந்தே கேட்பாள். அன்று அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. ஏழெட்டு நாய்கள் மந்தைக்குள் பாய்ந்திருந்தன. ஒரு குட்டியை இரண்டு நாய்கள் இரு பக்கமும் கவ்வி இழுத்தன. குடல் சரிந்த ஒரு வெள்ளாடு, அது தெரியாமல் நாலு எட்டு ஓடி விழுந்தது. அவள் தொரட்டிக் கம்பைச் சுழற்றிக்கொண்டு நடுவில் நின்றாள். ஒரு கறுப்பு நாய் பின்னாலிருந்து வந்து அவள் கெண்டைக்காலைக் கவ்வியது. அவள் விழுந்தாள். கம்பு தெறித்துப் போனது.

நான் கல்லைப் பொறுக்கி எறிந்துகொண்டே இறங்கினேன். இரண்டு நாய்கள் ஓடின. ஒன்று திரும்பி என் முன்கையைக் கடித்துவிட்டு ஓடியது. கறுப்பு நாய் மட்டும் விடவில்லை. தலையை ஆட்டி ஆட்டிச் சதையைப் பிய்த்தது. “அய்யோ பாயம்மா, விட மாட்டேங்குதே!” என்று அவள் மண்ணைப் பிறாண்டினாள்.

ஆசிரியை எப்போது இறங்கி வந்தார் என்று தெரியவில்லை. தொரட்டிக் கம்பு அவர் கையில் இருந்தது. இலை அறுக்க நுனியில் கட்டிய அரிவாளோடு அதை ஓங்கி நாயின் கழுத்தில் இறக்கினார். நாய் வாயைத் திறந்தது. நான் அவளை இழுத்து அப்புறப்படுத்தினேன். நாய் எழுந்திருக்கப் பார்த்தது. அவர் மறுபடி அடித்தார். அரிவாள் கழன்று விழுந்தது. வெறுங்கம்பால் அடித்தார். மண்டை நசுங்கிய பிறகும் அடித்தார். முகத்திலும் பைனாகுலரிலும் ரத்தம் தெறித்திருந்தது. கீழே கிடந்தவள்தான் கடைசியில், “போதும்மா, விடுங்க, செத்துப்போச்சு” என்றாள்.

என் கணவர் வண்டி எடுத்து வந்து எங்களைத் திண்டுக்கல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவள் காலைக் கழுவும்போது எலும்பு தெரிந்தது. புண்ணைச் சுற்றிச் சுற்றி ஊசி போட்டார்கள். அவள் அழுதது ஆடுகளுக்காக.

மறுநாள் விடிந்ததும் ஊர் ஆண்கள் கம்பும் கடப்பாரையுமாகக் கிளம்பினார்கள். கண்மாய் நாய்களை அடித்து முடித்துவிட்டுத் தெரு நாய்களை அடித்தார்கள். பிறகு எங்கள் கேட்டுக்கு வந்தார்கள். முன்னால் நின்றவன் அவளுடைய புருஷன். சட்டையெல்லாம் ரத்தம்.

“பாய், நாய அவுத்து விடுங்க.”

“இது வீட்டு நாய்ப்பா. நேத்து கேட்டத் தாண்டவே இல்ல” என்றார் என் கணவர்.

“எல்லா நாயும் ஒண்ணுதேன். என் பொண்டாட்டி காலப் பாத்தீகள்ல?”

கேட்டைத் தள்ளினார்கள். பிடித்துக்கொண்டிருந்த என் கணவர் கேட்டோடு சாய்ந்து விழுந்தார். உதடு கிழிந்துவிட்டது. ஆசிரியை ஓடிப்போய், கட்டிப்போட்டிருந்த செவலைக்கு முன்னால் கையை விரித்து நின்றார். “ஏனுங்க, இது என்னங்க பண்ணுச்சு? வாயில்லாச் சீவனுங்க” என்றார்.

அவன் அவரை உற்றுப் பார்த்தான். “நேத்து ஒண்ண அடிச்சுக் கொன்னது நீங்கதானம்மா?”

அவன் மிரட்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டான். ஆசிரியையின் கைகள் தாமாகவே இறங்கின. அவர் விலகிக்கூட நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற இருவர் அவரைத் தாண்டிப் போனார்கள். செவலை வாலை ஆட்டியது. முதல் அடியிலேயே விழுந்தது. ஆனால் அவர்கள் ஒரு அடியோடு நிறுத்தவில்லை. நான் கத்திய கத்தல் தோப்பு முழுக்கக் கேட்டிருக்கும்.

அவர்கள் போன பிறகு ஒரு தென்னைக்கு அடியில் என் கணவர் குழி வெட்டினார். ஆசிரியை மண்ணைக் கையால் அள்ளிப் போட்டார். சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: “அந்தக் கறுப்பு நாயி மொத நாலு அடியிலயே செத்துருச்சுங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதானுங்க அடிச்சேன்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கடிபட்ட என் கை வலித்தது, விடவில்லை.

ஆடு மேய்க்கிறவள் கால் ஓரளவு ஆறியதும் வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். “அவரு செஞ்சது தப்புதேன் பாயம்மா. நேத்து அதச் சொல்லப்போயி வீட்டுல பெரிய சண்ட. ரெண்டு அடி எனக்கும் விழுந்துச்சு” என்றாள். கண்ணுக்குக் கீழே கன்றிப் போயிருந்தது. உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன். “செத்த நேரம் உக்காந்துட்டுப் போ” என்றேன். உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போக அவளுக்கு மனமில்லை என்று தெரிந்தது; இன்னொரு டம்ளர் டீ போட எழுந்தேன்.