அஞ்சியபடியே ஏறியவர்

இந்நினைவு மலரில் எங்கள் அண்ணனைப் பற்றி எழுதும் பொறுப்பு, உடன்பிறந்த ஒரே தங்கை என்ற முறையில் எனக்கு வந்தது. நானே கண்டவற்றையும், அம்மாவும் அண்ணனின் மனைவியான மதினியும் கண்டவற்றையும், அண்ணனோடு பணியாற்றியவர் அண்ணன் முன்னிலையில் சொல்லி அண்ணன் மறுக்காதவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். இவ்வரம்புக்குக் காரணம் உண்டு. அண்ணன் மறைந்த பதினாறாம் நாளுக்குள்ளாகவே அவரைப் பற்றிப் பல கதைகள் பிறந்துவிட்டன. காற்றாலையிலிருந்து தவறி விழுந்து இறந்தார் என்று வெளியூர் உறவினர் சிலர் இன்றும் நம்புகிறார்கள். அது உண்மையன்று. அவர் நோயுற்று மருத்துவமனையில் மறைந்தார். பிறவியிலேயே அச்சம் அறியாதவர், அணிலைப் போல ஏறுவார் என்று புகழ்வோரும் உண்டு. அதுவும் உண்மையன்று. அன்பினால் சொல்லப்படுவதே ஆயினும், அந்தப் புகழ் அண்ணன் பட்ட பாட்டை மறைத்துவிடுகிறது.

தோவாளையை அடுத்த சிற்றூரில், பூ விளைவிக்கும் குடும்பத்தில், எங்கள் பெற்றோரின் தலைப்பிள்ளையாக அண்ணன் பிறந்தார். காலையில் அப்பாவோடு வயலில் பிச்சிமொட்டுப் பறித்துச் சந்தையில் சேர்த்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போவார். பின்னர்த் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணி கற்றார். ஊரில் அம்மன் கோயில் கொடைவிழாவுக்கு விளக்கு அலங்காரம் செய்யும்போது, தரையில் அமர்ந்து கம்பிகளை இணைப்பவர் அண்ணன்; வளைவின்மேல் ஏறிக் கட்டுபவர்கள் மற்றவர்கள். “நீ கரண்டுக்குப் பயப்பட மாட்ட, காத்துக்குத்தான் பயப்படுவ” என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டு கீழேயே நிற்பார். எங்கள் வீட்டு மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டும்வரை, அதன் ஓரத்துக்கு அவர் போனதை நான் கண்டதில்லை.

2004ஆம் ஆண்டில் அப்பாவுக்குப் பக்கவாதம் கண்டது. வயலைக் குத்தகைக்கு விட்டோம். நான் அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தேன். அம்மா பூக்கட்டிக் கொண்டுவருவது மருந்துக்கே போதவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் மின்பணியாளர் வேண்டும் என்று கேள்வியுற்று அண்ணன் போனார். “உயரத்துல ஏறுவியா தம்பி?” என்று மேற்பார்வையாளர் கேட்டாராம். “ஏறணும்னா ஏறுவேன் சார்” என்றாராம் அண்ணன். பொய் சொல்லவும் இல்லை, உண்மை முழுவதையும் சொல்லவும் இல்லை என்று பின்னாளில் அவரே எங்களிடம் சொல்லிச் சிரித்ததுண்டு.

அக்காலத்துக் காற்றாலைகளில் பல, இரும்புச் சட்டங்களால் பின்னிய கோபுரங்களின்மேல் நின்றவை. ஏணி வெளிப்புறத்தில் இருக்கும். ஏறுபவர் இடுப்பில் பாதுகாப்பு வார் அணிந்து, அதன் கொக்கியை ஏணியில் மாட்டி மாட்டி ஏற வேண்டும். இருவர் இருவராக ஏறுவதே அங்கு முறை. அண்ணனுக்கு இணையாக அமைந்தவர் கடற்கரையூர்க்காரரான சூசை. முதல் ஏற்றத்தைப் பற்றி எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து அவர் சொன்னது இது.

அன்று காற்று ஓய்ந்திருந்தது. வானத்தில் மேகங்கள் மட்டும் கணவாய் வழியே விரைந்துகொண்டிருந்தன. கீழே பார்க்கக் கூடாது என்று எல்லோரும் சொல்லியனுப்பியிருந்ததால், அண்ணன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஏறினார். கணவாயில் புதிதாக ஏறுவோர் செய்யும் பிழை அதுதான். மேகம் ஓடுவதை நிமிர்ந்து நோக்குபவருக்கு, மேகம் நின்று கோபுரம் சாய்வதாகத் தோன்றும். பாதி ஏணியில் அண்ணன் கம்பியைத் தழுவிக்கொண்டு நின்றுவிட்டார்.

“என்னல மக்கா, ஏணியைக் கெட்டிப்பிடிச்சிட்டு நிக்க? அது உனக்க பெண்டாட்டியா?” என்று கேட்டிருக்கிறார் அவருக்குக் கீழே ஏறிவந்த சூசை.

“தூணு சாயுது.”

“தூணு சாயல்ல, மேகம் ஓடுது. கண்ணை மூடாத. எதுத்தாப்புல இருக்க போல்ட்டைப் பாரு.”

அண்ணனால் மேலே போக முடியவில்லை. ஒவ்வொரு படியாகச் சூசை அவர் காலைப் பிடித்து வைத்து இறக்கினார். மேற்பார்வையாளர் கடிந்துகொள்ளவில்லை. “ஒரு மாசம் கீழ உள்ள வேலையைப் பாரு. அதுக்குள்ள உச்சி வரைக்கும் ஏறிக் காட்டணும். இல்லன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்” என்று முடித்துவிட்டார்.

வீட்டில் அண்ணன் எதையும் சொல்லவில்லை. அதன்பின் நடந்ததில் ஒரு பகுதிக்கு நானே சாட்சி.

எங்கள் ஊரின் குடிநீர்த் தொட்டி உயர்ந்த தூண்களின்மேல் நிற்பது. அதற்குத் தண்ணீர் ஏற்றும் பணியாளரிடம் அனுமதி பெற்று, நாள்தோறும் வேலைக்குப் போகும்முன் அண்ணன் இடுப்பில் பாதுகாப்புக்குக் கயிறு கட்டிக்கொண்டு அதன் ஏணியில் ஏறிப் பழகினார். அச்சம் தொடங்கும் படி எதுவோ அதில் நின்றுகொள்வார். மூச்சு சீரான பிறகு இறங்குவார். மறுநாள் அதற்கு மேற்பட்ட படியில் நிற்பார். அதுவரை இதை அறிந்தவர் அந்தப் பணியாளர் ஒருவரே. ஒருநாள் அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அடுத்த வீட்டுப் பெண்மணி ஓடிவந்தார். “ஏட்டி, உனக்க மவன் தண்ணி டாங்குல ஏறி நிக்கான். இடுப்புல கயிறு வேற கெட்டியிருக்கான்” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா மடியிலிருந்த பூவை உதறிவிட்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். தொட்டியடியில் அதற்குள் ஊர் கூடிவிட்டது. தந்தையின் நோயால் மனமுடைந்து குதிக்கப் போகிறார் என்று ஒருவர் சொன்னார். காதல் என்று இன்னொருவர் சொன்னார். அண்ணன் பாதி உயரத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

“மக்கா, எறங்கி வா. நீ என்ன கேட்டாலும் அம்மா செய்யுதேன்” என்று அம்மா அழுதார்.

மேலேயிருந்து அண்ணனின் குரல் வந்தது: “அம்மா, நான் சாவப் போகல்ல. ஏறிப் பழகுதேன்.”

“எதுக்குடே?” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“வேலைக்கு. ஏற முடியல்லன்னா அனுப்பிருவாவ.”

கூட்டம் சிரித்தது. “இதுல நிக்கவே இந்தப் பாடு, இவன் காத்தாடியில ஏறப் போறானாம்” என்றார் ஒருவர். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து கேட்டார்:

“பின்ன ஏன் பாதியில நிக்க? ஏறு.”

அண்ணன் ஏறினார். இடையிடையே நின்று நின்றுதான் ஏறினார். உச்சிக் கைப்பிடியைத் தொட்டுவிட்டு அவர் இறங்கி வரும்வரை அம்மா இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அன்றைய பூச்சரம் சந்தைக்குப் போகவில்லை.

கொடுத்த கெடு முடியும்முன் அண்ணன் காற்றாலையின் உச்சியை அடைந்தார். மேலே சேர்ந்ததும், “என்னல, மேல வந்துட்ட, ஒண்ணும் சொல்ல மாட்டியா?” என்று சூசை கேட்டாராம். “அந்த ஸ்பானரை எடும்” என்றாராம் அண்ணன்.

அன்றோடு அச்சம் ஒழிந்தது என்று எழுதினால் கட்டுரைக்கு அழகாக இருக்கும். ஆனால் அது நடந்ததன்று. அப்பா மறைந்தபோது சடங்குகளுக்காகச் சில வாரம் வீட்டிலிருந்துவிட்டுத் திரும்பிய அண்ணனுக்குப் பழைய அச்சம் முழுவதும் மீண்டது. “நான் வேற ஆளோட ஏறுதேன், நீ கீழ நில்லு” என்று சூசை சொல்லியிருக்கிறார். “இண்ணைக்குக் கீழ நின்னா நாளைக்கும் கீழதான் நிக்கணும்” என்று மறுத்துவிட்டு, அண்ணன் முதற்படியிலிருந்து தொடங்கியிருக்கிறார். திருமணத்துக்குப் பின்னும், மகள் பிறந்தபோது எடுத்த விடுப்புக்குப் பின்னும் அப்படியே. பழைய கோபுரங்களைவிட மிக உயர்ந்தவை வந்தபோதும் அப்படியே. விடுப்பு முடிந்து வேலைக்குப் போகும் முதல்நாள் காலையில் அவருக்குச் சோறு இறங்காது. பாலில்லாத வெறும் கட்டன்சாயாவோடு கிளம்பிவிடுவார் என்கிறார் மதினி. ஆயினும், ஏற வேண்டிய நாளில் ஏறாமல் வீடு திரும்பினார் என்று ஒருநாளையும் எங்களால் காட்ட இயலாது. அப்பாவின் மருத்துவமும் என் படிப்பும் என் திருமணமும் அந்த ஏணியில் நடந்தவை.

சிறுநீரகங்கள் பழுதுற்றபின் மருத்துவர் உயரம் ஏறக் கூடாது என்றார். தரைப்பணிக்கு மாற்றம் பெற்று, இயன்றவரை உழைத்தார். பின் படுக்கையுற்றார். ஓராண்டுக்கு முன், அம்மாவும் மதினியும் அருகிருக்க, நாகர்கோவிலில் மறைந்தார்.

முறை வைத்து வந்து குருதியளித்த பணித்தோழர்களுக்கும், இரத்தச் சுத்திகரிப்பு நாள்களில் தம் வண்டியிலேயே அழைத்துச் சென்று காத்திருந்து கொண்டுவந்த சூசைக்கும், வீட்டில் அடுப்பெரியாத நாள்களில் சொல்லாமலே சோறு கொண்டுவந்த அயலாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. நீங்கள் செய்ததற்கு ஈடாக ஒரு சொல்லை நான் தேடினேன், கிடைக்கவில்லை.

தெரியாத ஒன்றையும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன். கடைசி வாரத்தில், நான் உடனிருந்தபோது, சூசை அண்ணனிடம் கேட்டார்: “மக்கா, உள்ளதைச் சொல்லு. இத்தனை வருசம் ஏறினியே, அந்தப் பயம் விட்டிச்சா?”

“தரைக்கு எறங்கினா விட்டுரும்” என்று சொல்லி அண்ணன் சிரித்தார்.

அதை விளையாட்டாகச் சொன்னாரா, உள்ளபடியே சொன்னாரா என்பது எங்களுக்குத் தெரியாது.