வேகமாக ஓடிய டேப்

இந்த ஊரில் மண்டையோட்டு டீ-ஷர்ட் போட்டுத் திரிகிறவர்களில் பாதிப் பேர் தாத்தாக்கள். ஜெர்மனியின் ஹம்பேர்க் நகர எஸ்-பான் ரயிலில் என் எதிரே உட்காரும் பெரியவர் அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு பேத்திக்கு ஆப்பிள் ஊட்டுவார். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கோயம்புத்தூரில் நான் பி.இ. படித்தபோது அதே மாதிரி சட்டைக்கு ஹாஸ்டல் வார்டன் என் அப்பாவை வரச்சொன்னார். அவர் பேயாட்டம் என்று திட்டிய டெத் மெட்டல் இசைதான் எங்கள் நாலு பேர் பேண்டுக்கு உயிர். அதிலும் ஒரே ஒரு ஆல்பம். அந்த இசைக்கு ஒரு பெயர் நிலைப்பதற்கு முன்பே பதிவானது. பிறகு வந்த அத்தனை பேரும் அதிலிருந்துதான் சுட்டார்கள் என்பது எங்கள் கட்சி.

சீனியர் ஒருவர் பழைய கேசட்டிலிருந்து லேப்டாப்பில் ஏற்றிய ஃபைலாக அது எங்களிடம் வந்தது. அதை வைத்துத்தான் பிராக்டிஸ். டிரம்ஸ் யுவராஜ். செம கை அவனுக்கு. ஆனால் மூன்றாவது பாட்டில் பாதிக்கு மேல் பின்தங்கிவிடுவான்.

"மச்சி, யூட்யூப்ல இது இவ்ளோ ஃபாஸ்ட்டா இல்லடா," என்றான் ஒருநாள்.

"அது சும்மா சீன் போடற போஸருங்களுக்காக பாலிஷ் போட்டு வித்தது. நம்மகிட்ட இருக்கறது டேப்புடா, ஒரிஜினல்," என்றேன். மூன்று பேரும் சிரித்தோம்.

காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவனைத் தூக்கிவிட்டு ஒரு ஜூனியரைச் சேர்த்தோம். "உன்னால முடியல மச்சி, ஒத்துக்கோ" என்று முகத்துக்கு நேரே சொன்னது நான்தான். அந்த மாதமே டிரம் செட்டை விற்றுவிட்டான். அப்புறம் அவன் எதையும் வாசிக்கவில்லை. நான் மாஸ்டர்ஸ் என்று இங்கே பறந்துவிட்டேன்.

போன சனிக்கிழமை ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் அதே ஆல்பம் கிடைத்தது. கடைக்காரர் போட்டுக் காட்டினார். எனக்குக் கடுப்பாகிவிட்டது. "சூ லாங்சாம்," ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று ஜெர்மனில் சொன்னேன். அவர் பில் போடுவதைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து, பொறு என்று கையைக் காட்டினார். சைகையில் விளக்கியதும் தட்டு சுழலும் வேகத்தைச் சரிபார்த்துக் காட்டினார். துல்லியமாக இருந்தது. வேகமாக ஓடியது எங்கள் சீனியரின் டேப் ரெக்கார்டர். ஒரு மெஷினின் கோளாறைத் துரத்திப் பிடிக்கச் சொல்லித்தான் யுவராஜை வதைத்திருக்கிறோம்.

அங்கிருந்தே அவனைப் போனில் கூப்பிட்டேன், மூன்று வருஷம் கழித்து. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பு கேட்பதற்குள் பேச்சை வெட்டினான்.

"விடு மச்சி. எனக்கு அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்டா சண்டை போடல?"

"நீங்க மூணு பேரும் சிரிச்சீங்க."

பிறகு, "அந்த மூணாவது பாட்ட போடச் சொல்லு," என்றான்.

கடைக்காரர் ஊசியை நகர்த்தி வைத்தார். போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினேன். ஒரு காதில் கடை, இயர்போன் மாட்டிய காதில் ஓசூர். அங்கே மேசைமேல் விரல்கள் தட்டத் தொடங்கின. பாட்டு அவனிடம் போய், அவன் தட்டுவது என்னிடம் வருவதற்குள் ஒரு நொடி கழிந்துவிடுகிறது. ஓசூரில் அவன் பிசகாமல்தான் அடித்துக்கொண்டிருக்கிறான். நான் நிற்கிற இடத்தில் ஒவ்வொரு அடியும் பிந்தி வந்து விழுகிறது.